பன்றி திரும்பவும் பருவத்துக்கு வந்தால் கறிக்குத் தள்ளாதீர்கள், முதலில் கிடாவைப் பாருங்கள்

வணக்கம். பின்னால் கேட்கிற கூச்சல் தீவனத்துக்காகத்தான். நான் பேசி முடிக்கிற வரை இவை அடங்காது, அதனால் வீடியோவை அப்படியே எடுத்துவிடுகிறேன்.

இந்த ஒரு மாதமாக நிறையப் பேர் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். பன்றி பருவத்துக்கு வருகிறது, கிடாவும், அதாவது ஆண் பன்றியும், நன்றாகச் சேருகிறது, ஆனால் 21 நாள் ஆனதும் சினை நிற்காமல் திரும்பவும் பருவத்துக்கு வந்து கத்துகிறது, ஏன் அண்ணா? இதைக் கேட்கிற மாதத்தைக் கொஞ்சம் பாருங்கள். எல்லாம் ஆனி, ஆடி.

போன வருஷம் எனக்கும் இதே கதை. ஐந்து வெண்பன்றிகளில் மூன்று திரும்பிவிட்டன, நான் என்ன செய்தேன், அதில் இரண்டைக் கறிக்கு அனுப்பிவிட்டேன். முந்தின ஈத்தில் பத்துப் பத்துக் குட்டி போட்ட பன்றிகள், இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. சினை நின்ற இரண்டில் ஒன்று ஐந்தே குட்டி போட்டது. அப்புறம் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி போட வந்த கால்நடை டாக்டர், "கிடாவைப் பார்த்தாயா?" என்று கேட்டார். அது தினமும் தாவுகிறதே சார், அதற்கென்ன குறை என்றேன். சிரித்துவிட்டு, விந்து எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னையே பார்க்கச் சொன்னார். நல்ல விந்தில் நூற்றுக்கு எழுபதாவது துடிப்பாக ஓட வேண்டுமாம். இதில் பாதிக்கு மேல் சும்மா கிடந்தது, ஓடினதிலும் நிறைய வால் சுருண்டு ஒரே இடத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அளவு என்னவோ டம்ளர் நிறைய இருந்தது! ஆண் பன்றி ஒரு தடவையில் கால் லிட்டர் வரை விடும், அதைப் பார்த்து நாம் ஏமாந்துவிடுகிறோம்.

சரி, காரணம் என்ன? கத்திரி வெயில். ஆட்டுக்கிடாவுக்கு விதை தொங்கும், காற்றுப் படும். பன்றிக்கு அது உடம்போடு ஒட்டினாற்போல இருக்கிறது, போதாததற்குப் பன்றிக்கு வியர்த்து ஆறுகிற உடம்பும் இல்லை. விந்தணு விதையில் உருவாக ஐந்து வாரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகிறது, அது முதிர்ந்து வெளியே வர இன்னும் பத்து நாள் போல. அதாவது இன்றைக்கு வருகிற விந்து 45, 50 நாளுக்கு முன்னால் உருவாகத் தொடங்கியது. மே மாதம் தகரக் கொட்டகைக்குள் கிடா வெந்து கிடந்ததற்கான கணக்கு ஜூன், ஜூலையில்தான் உங்கள் கைக்கு வருகிறது, அந்த நேரம் பார்த்து வெயில் தணிந்திருக்கும், பழி தாய்ப் பன்றி மேல் விழும். கிடாவுக்கு நடுவில் காய்ச்சல் அடித்திருந்தாலும் இதே கதிதான்.

இந்த வருஷம் சித்திரை பிறந்ததுமே தகரத்துக்கு மேல் பனையோலை போட்டேன், மத்தியானம் தோள் மேல் சொட்டுகிற மாதிரி ஒரு பைப். சேர்க்கிறது விடியற்காலை, தீவனத்துக்கு முன்னால், வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் கிடையாது. ரொம்ப நாள் சும்மா விட்டாலும் பழசு தேங்கிக் கெட்டுவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கிடாவே வேண்டாம், சினை ஊசி போடலாமே என்கிறவர்களுக்கு ஒரு விஷயம். மாட்டுக்கு நைட்ரஜன் குடுவையில் வருகிற உறைவிந்து மாதிரி இதை நினைக்காதீர்கள். பன்றி விந்தணுவுக்குக் குளிர் ஆகவே ஆகாது, உறைய வைத்தால் தப்பிப் பிழைப்பது குறைவு. அதனால் உலகம் முழுக்கப் பெரும்பாலும் திரவமாகவே, 17 டிகிரியில்தான் வைக்கிறார்கள். மாட்டுக்குக் கால் மில்லி குச்சி, இதற்கு ஒரு டோஸே 80 முதல் 100 மில்லி, அதில் 200, 300 கோடி உயிரணு. சாதாரணக் கரைசலில் கலந்தது மூன்று நாள் தாங்கும், அடியில் படிந்துவிடாமல் காலையும் மாலையும் பாட்டிலை மெதுவாகப் புரட்டி வைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் அவ்வளவு தூரம் போய் வாங்கி வந்து வீட்டு பிரிட்ஜில், தயிர் பக்கத்தில் வைத்தார். நாலு டிகிரி. முடிந்தது. விந்து எடுக்கும்போது ரப்பர் கையுறை போடுவதும் அப்படித்தான், அந்த ரப்பரே உயிரணுவுக்கு விஷம், வினைல் கையுறை வாங்குங்கள்.

இதோ, காது மடங்கிப் படுத்திருக்கிறதே, இது இந்த ஆடியில் முதலாவதாகச் சேர்த்தது, 24 நாள் ஆகிவிட்டது, திரும்பவில்லை. அந்த மூலையில் இருப்பதற்கு இன்றைக்கு 21. சாயந்தரம் கிடாவைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, இதன் முதுகை அழுத்திப் பார்க்கப் போகிறேன். அசையாமல் நின்றால் திரும்பவும் பருவத்துக்கு வந்துவிட்டது, போச்சு, ஓடினால் நல்லது. எது நடந்தாலும் வீடியோவை வெட்டாமல் போடுகிறேன்.