வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அப்புறம்?

எல்லோருக்கும் வணக்கம். மருத்துவமனை சரியாகக் கவனிக்காமலோ, சொல்லவேண்டியதைச் சொல்லாமலோ நோயாளியை வீட்டுக்கு அனுப்பி, அதனால் உடம்பு மோசமானால் சட்டப்படி என்ன செய்யலாம் என்று இன்று பார்ப்போம்.

டிஸ்சார்ஜ் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் பில் கவலைதான். பணத்தைக் கட்டி, மருந்து வாங்கி, ஆட்டோ பிடித்து வீடு வந்து சேர்வதற்குள், கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியை, அதாவது சிகிச்சை விவரத்தைச் சுருக்கி எழுதித் தரும் தாளை, யாரும் படிப்பதில்லை. இரண்டு நாள் கழித்து மூச்சுத் திணறும்போதுதான் அந்தத் தாளைத் தேடுகிறோம். வழக்கு என்று வந்தால் அதுதான் முதல் சாட்சி.

நம் ஊர் வழக்கு ஒன்றையே சொல்கிறேன். 1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 29 வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்றி, செப்டம்பரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையையே பறித்துவிடும் ஆபத்து உண்டு. பிறந்த சில வாரங்களுக்குள் கண் மருத்துவர் பார்த்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். பெற்றோரிடம் இதை யாரும் சொல்லவில்லை. சம்மரியிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. சில மாதம் கழித்துத் தெரியவந்தபோது பார்வை போய்விட்டிருந்தது. தந்தை விடவில்லை. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015 ஜூலை 1 அன்று வந்த தீர்ப்பில் இழப்பீடு சுமார் 1.8 கோடி ரூபாய். சம்மரியில் எச்சரிக்கை இல்லாததையும் நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. அந்தக் குழந்தைக்கு அப்போது வயது பதினெட்டு தாண்டியிருந்தது. இதை எப்போது சொன்னாலும் எனக்கு மனசு தாங்குவதில்லை.

சரி, நாம் என்ன செய்வது? முதல் வேலை நோயாளியை வேறு மருத்துவரிடம் காட்டுவது. வழக்கு அப்புறம். அந்தப் புது மருத்துவர், நோயாளி வந்து சேர்ந்தபோது இருந்த நிலையை எழுதி வைப்பார். அது பின்னால் ரொம்பப் பயன்படும்.

அடுத்தது, பழைய மருத்துவமனையின் முழு கேஸ் ஷீட், அதாவது அங்கே இருந்த நாட்களில் எழுதப்பட்ட சிகிச்சைப் பதிவுகள். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை விதிகள் சொல்கின்றன. வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். கடிதமாகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால், போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். கேஸ் ஷீட் வந்ததும் செவிலியர் எழுதும் சார்ட்டைத் தேடுங்கள். உதாரணத்துக்கு, டிஸ்சார்ஜ் ஆன அன்று காலை காய்ச்சல் 102, நாடித்துடிப்பு 120 என்று அதில் இருக்கலாம். சம்மரியிலோ ‘நிலை சீராக உள்ளது’ என்று இருக்கலாம். இப்படி இரண்டும் முரண்பட்டால் உங்கள் கை ஓங்கிவிட்டது.

‘எங்கள் விருப்பத்தின் பேரில் அழைத்துச் செல்கிறோம்’ என்று சில இடங்களில் கையெழுத்துக் கேட்பார்கள். ஆபத்தை விளக்கிச் சொல்லியும் நீங்களாகவே போயிருந்தால் வழக்கு நிற்பது கடினம். ஆனால் படுக்கை இல்லை, அட்வான்ஸ் தீர்ந்துவிட்டது என்று அவர்களே அனுப்பினால், அந்தக் காரணத்தைக் கையெழுத்துக்கு மேலே உங்கள் கைப்பட எழுதுங்கள், போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது? பெரும்பாலானோருக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் சரியான இடம். மருத்துவமும் சேவைதான் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பில்லைக் காப்பீட்டு நிறுவனம் கட்டியிருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான். எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனை இதில் வராது. சிலரிடம் கட்டணம் வாங்கி மற்றவர்களுக்கு இலவசமாகப் பார்த்தால், இலவச நோயாளியும் வழக்குப் போடலாம். முற்றிலும் இலவசமான அரசு மருத்துவமனை என்றால் சிவில் நீதிமன்றமோ, உயர் நீதிமன்றத்தில் அரசுக்கு எதிராகப் போடும் ரிட் மனுவோதான் வழி.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மாவட்டம், மாநிலம், தேசியம் இவற்றில் எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் இழப்பீடு முடிவு செய்வதில்லை; நீங்கள் கட்டிய கட்டணம்தான் முடிவு செய்கிறது. 80 ஆயிரம் கட்டிவிட்டு 20 லட்சம் கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான். கட்டியது 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கெடு 2 ஆண்டு. பேசித் தீர்க்கலாம் என்று மருத்துவமனை இழுத்தடித்தாலும் இந்தக் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஜாக்கிரதை.

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் புகார் தரலாம். அது மருத்துவர் மீது நடவடிக்கை எடுக்கும், பணம் வாங்கித் தராது. போலீஸ் புகாரைப் பற்றி ஒரு வார்த்தை. உச்ச நீதிமன்றத்தின் 2005 தீர்ப்புக்குப் பிறகு, மிக மோசமான அலட்சியம் இருந்தால்தான் கிரிமினல் வழக்கு நிற்கும். கோபத்தில் நேரே ஸ்டேஷனுக்குப் போவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. இன்னொன்றும் மனசில் இருக்கட்டும்: நன்றாகக் கவனித்து அனுப்பியும் சிலருக்கு உடம்பு மோசமாகும். அது மருத்துவரின் தவறு ஆகாது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. உதவி எண் 15100. குறித்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுங்கள்.