வாவிக்கரைக்குக் குடிபோக நினைப்பவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

கண்டிக்குக் குடிபெயர்வதா, வேண்டாமா என்ற கேள்வி எங்கள் வீட்டில் ஒரு வைகாசி மாத மதியத்தில், கச்சான் காற்று முற்றத்து மண்ணை வாரி விறாந்தைக்குள் இறைத்துக்கொண்டிருந்த நேரத்தில் எழுந்தது. என் மகளுக்குப் பேராதனைப் பக்கம் இடமாற்றம் வந்திருந்தது. "அப்பா, நீங்களும் அம்மாவும் எங்களோடயே வந்திடுங்கோ, பின்னேரத்தில வாவியைச் சுற்றி நடந்தீங்களெண்டால் உங்கட சீனி வருத்தமும் குறையும்" என்று அவள் சொன்னபோது, வெயிலில் வெந்துகொண்டிருந்த எங்கள் எல்லோருக்கும் அந்த வார்த்தை இனித்தது. திருகோணமலையில் ஆனி, ஆடி மாதங்களை மின்விசிறியின் கீழே கழித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அரச சேவையில் இருந்த காலத்தில் நான்கு ஆண்டுகள் கண்டியில் வாடகைக்கு இருந்தவன் நான். அந்த நகரத்தின் வாவியை அறிந்த அளவுக்கு அதன் படிக்கட்டுகளையும் அறிவேன். எங்களைப் போல் யோசித்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் பல உண்டு என்பதால், நாங்கள் எவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தோம் என்பதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

ஆசை வாவியிலிருந்துதான் பிறக்கிறது. ஆகவே நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். அது இயற்கையாய் அமைந்த நீர்நிலை அன்று. கண்டியின் கடைசி அரசனும், கண்ணுசாமி என்ற இயற்பெயரோடு பிறந்த நாயக்கர் வம்சத்தவனுமாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், தலதா மாளிகையின் முன்னிருந்த வயல்வெளியை மறித்து 1807 ஆம் ஆண்டில் அதைக் கட்டுவித்தான். கரையோரமாக அலையலையாய் எழும்பி நிற்கும் அந்தச் சுவரை அவனால் முழுச் சுற்றுக்கும் கட்டி முடிக்க இயலவில்லை. 1815 இல் ஆங்கிலேயர் அவனைச் சிறைப்பிடித்து, பின்னர் வேலூருக்கு அனுப்பிவிட்டார்கள். வாவியைக் கட்டியவனே அதன் கரையில் எட்டு ஆண்டுகள்தான் இருந்தான் என்று மகளிடம் சொன்னேன். வாடகை ஒப்பந்தம் அதைவிடக் குறுகியதாகத்தான் இருக்கும், கவலைப்படாதீர்கள் என்றாள்.

வாவிக்கரையில் வீடு வைத்திருப்பவர்கள் மிகச் சிலர். அந்த நகரத்தில் சமதரை குறைவு. இருக்கிற கொஞ்சத்தையும் தலதா மாளிகையும் கடைத்தெருவும் புகையிரத நிலையமும் போகம்பறையும் எடுத்துக்கொள்ள, மனிதர்கள் சுற்றியுள்ள குன்றுகளின் முதுகில் வசிக்கிறார்கள். நான் இருந்த வீட்டு யன்னலிலிருந்து பார்த்தால் மரங்களுக்கு நடுவே வாவியின் ஒரு மூலை தகரத்துண்டு போல மின்னும். அந்த மூலைக்காகவே வீட்டுக்காரர் மாதாமாதம் கூட வாங்கினார் என்று இன்றும் நினைக்கிறேன். வீதியிலிருந்து வீட்டு வாசலுக்கு 72 படிகள். எரிவாயுச் சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு வரும் பையனுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். அவன் பாதி வழியில் ஒரு படியில் அதை இறக்கி வைத்து மூச்சு வாங்குவான். அவனுக்கு முன்னும் எத்தனையோ பேர் அங்கேயே இறக்கி வைத்திருக்க வேண்டும், அந்தப் படியின் சிமெந்தில் சிலிண்டர் அடியின் அளவுக்கு ஒரு வட்டத் தடம் விழுந்திருந்தது. அப்போது எனக்கு வயது முப்பத்தெட்டு. இன்று என் மனைவியின் முழங்காலைக் கேட்டால் எட்டுப் படிக்கு மேல் உடன்பட மாட்டாது. ஆதலால், வீடு பார்க்கப் போகிறவர்கள் அறைகளை எண்ணுவதற்கு முன் படிகளை எண்ண வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள். இரவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் முச்சக்கர வண்டி எந்த இடம் வரைக்கும் வரும் என்பதையும் அப்போதே நடந்து பார்த்துவிடுவது நல்லது.

குளிர்ச்சியைப் பற்றிச் சொல்வதானால், ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கும் கண்டி நம்மூரைவிட மூன்று நான்கு பாகை குளிர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் குளிர்ச்சிக்கு ஈரம் என்றொரு விலை உண்டு. நமக்கு மழை என்பது ஐப்பசியில் தொடங்கித் தையில் ஓய்ந்துவிடும் விருந்தாளி. அங்கேயோ இரண்டு பருவக்காற்றுகளும் இடைப்பருவங்களும் மாறி மாறிக் கொண்டுவருவதால், தை முதல் பங்குனி வரையிலான சில வாரங்களைத் தவிர, பின்னேரம் மூன்று மணிக்கு இடியோடு வரும் மழையை எந்த மாதத்திலும் எதிர்பார்க்கலாம். காலையில் கொடியில் போட்ட சாரம் மறுநாளும் கொடியிலேயே தொங்கும். முதல் வருடமே என் தோல் செருப்புகளில் பூஞ்சணம் பிடித்தது. அலுமாரியின் அடித்தட்டில் வைத்த புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டன. நம்மூரில் உப்புக்காற்று யன்னல் கம்பியைத் தின்னும். அங்கே ஈரம் அலுமாரியைத் தின்னும். இழைப்பு வருத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது. ஈரத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. நகரம் மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணத்தின் அடியில் இருப்பதால், பஸ்களும் வான்களும் விடும் புகை காற்றில் கலைந்து போக வழியின்றிக் காலை வேளையில் அங்கேயே தங்கிவிடுகிறது.

இப்போது நான் சற்று நிதானமாகப் பேச வேண்டிய விடயத்துக்கு வருகிறேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் கண்டி மாவட்டத்தில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பலரை மண்சரிவு வீட்டோடு கொண்டுபோனது. வாவி நிரம்பி வழிந்தால் அந்த நீர் மெத எல என்னும் ஓடை வழியாக நகரத்தைக் கடந்து மகாவலியில் சேர்கிறது. 335 கிலோமீற்றர் நீளமான அந்த மகாவலியோ நம்முடைய கொட்டியாரக் குடாவில் வந்து கடலில் விழுகிறது. அதே நாட்களில் மூதூரிலும் வெருகலிலும் மக்கள் வீடுகளை விட்டு ஓடியது அந்த மலைநாட்டு மழைநீர் இறங்கி வந்ததனாலும்தான். நாம் தண்ணீரின் கீழ்முனையில் வெள்ளத்தை அறிந்தவர்கள். மேல்முனையில் அது மண்ணை என்ன செய்யும் என்பதை அறியாதவர்கள். கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20 ஆம் திகதி உடைத்த இரவை நினைவில் வைத்திருக்கும் முதியவர் ஒருவரோடு குளக்கட்டில் நின்று பாருங்கள். நாம் நீரைப் பார்க்கும்போது அவர் கட்டைப் பார்ப்பார். கண்டியில் வீடு பார்க்கும்போது யன்னலுக்கு எதிரே தெரியும் வாவியை விட்டுவிட்டு, பின்வாசலைத் திறந்து வெளியே போய் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

பின்வாசலில் பார்க்க வேண்டியவை தெளிவானவை. வீட்டுக்காக வெட்டிய மண்சுவர் எவ்வளவு உயரம், அதற்கு அணைச்சுவர் கட்டியிருக்கிறார்களா, அந்தச் சுவரில் நீர் கசிந்து வெளியேறக் குழாய்த் துவாரங்கள் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். துவாரமில்லாத அணைச்சுவர் நீரைத் தேக்கிக்கொண்டு ஒரு நாள் மொத்தமாகச் சாயும். சரிவிலுள்ள மரங்களின் அடிப்பகுதி வளைந்து நுனி மட்டும் நிமிர்ந்திருந்தால், அந்த மண் பல ஆண்டுகளாக மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். நிலத்தில் நீண்ட வெடிப்பு, திடீரென இறுகிப்போகும் கதவு, தெளிந்து ஓடிய ஊற்று கலங்கி வருவது ஆகியவை அயலவர்கள் சொல்லக்கூடிய அடையாளங்கள். வாங்குவதானாலோ கட்டுவதானாலோ, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு இடர் அறிக்கையைக் கையில் எடுக்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். மலைநாட்டு மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கு அந்த அறிக்கை தேவை. எங்களுக்கு ஒரு காணி காட்டிய தரகர், அறிக்கை "வந்துகொண்டிருக்கிறது" என்று மூன்று முறை சொன்னார். நாங்கள் மூன்று முறையும் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டோம்.

வாவியின் நீரைப் பற்றி ஒரு வார்த்தை. நகரத்துக் குழாய்களில் வருவது மகாவலியின் நீர்; வாவி நீரைக் குடிப்பதில்லை. 1999 இல் வாவி முழுவதும் பாசி படர்ந்து பச்சையாகிப் பேசுபொருளானது. கழிவுநீர் கலப்பதைத் தடுக்க வேலைகள் நடந்திருந்தாலும், வெயில் நீடிக்கும் நாட்களில் கரையில் நடப்பவர்களுக்கு ஒரு வாடை எட்டும். நம்மூர் டச்சு விரிகுடாவின் காற்றுக்குப் பழகிய மூக்கு அதைச் சட்டென்று கண்டுகொள்ளும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நான் கண்டியை வேண்டாமென்று சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். இருதய சத்திரசிகிச்சைக்கும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் நம் மாவட்டத்திலிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்குப் போகிறவர்கள், விடிவதற்கு முன் பஸ் ஏறி, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று ஏறக்குறைய 180 கிலோமீற்றர் குலுங்கிப் போய், அன்றிரவே திரும்பி வருகிறார்கள். பேராதனையில் சிறுவர் வைத்தியசாலையும் பல் வைத்தியசாலையும் இருக்கின்றன. தொடர்ச்சியாகச் சிகிச்சை பெற வேண்டியவர் வீட்டில் இருந்தால், மற்ற எல்லாக் கணக்குகளையும் அந்த ஒன்றே மாற்றிவிடும். அப்படியான குடும்பத்துக்கு நான் படிகளைப் பற்றிப் பேச வரமாட்டேன். பல்கலைக்கழகத்தில் பிள்ளை படிக்கும் வீட்டுக்கோ, நான்கு வருடங்களுக்காக வேரோடு பெயர்வது எனக்கு அதிகமாகவே படுகிறது.

பாடசாலை விடயத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். நல்ல பாடசாலைகள் நிறைந்த ஊர் என்று கேள்விப்பட்டுப் போகிறோம். ஆனால் முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது, அருகில் வசிப்போர் என்ற பிரிவில் வாக்காளர் இடாப்பில் எத்தனை ஆண்டுகளாகப் பெயர் இருக்கிறது என்பதற்குப் புள்ளி உண்டு. நேற்றுப் போனவருக்கு அந்தப் புள்ளி கிடைக்காது. இடமாற்றம் பெற்ற அரச ஊழியரின் பிள்ளைகளுக்குத் தனிப்பிரிவு இருந்தாலும் இடங்கள் சிலவே, அவற்றிலும் தமிழ்மொழி வகுப்பு இருக்கும் பாடசாலையைத் தேட வேண்டும். சேர்த்த பிறகு காலை ஏழு மணிக்கு அந்தப் பாடசாலைக்குப் போய்ச் சேர்வது இன்னொரு பாடு. ஊரெல்லாம் அந்த நேரத்தில் அதே சில வீதிகளால் நகரத்துக்குள் நுழைகிறது. தலதா மாளிகையின் எசல பெரஹரா ஊர்வல நாட்களில் வீதிகளை மூடிவிடும்போது, வெளியூரார் பார்க்க வருவதும் உள்ளூரார் வீட்டுக்குள் இருந்துவிடுவதும் வழக்கம்.

மொழியைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் வெள்ளிக்கிழமை மாலை நின்றால் தமிழுக்குக் குறைவிருக்காது; மலையகத் தமிழரும் முஸ்லிம்களும் நிறைந்த கடைவீதியில் என் பேச்சைக் கேட்டு "யாழ்ப்பாணமா சார்?" என்பார்கள், திருகோணமலை என்று திருத்திச் சொல்லியே களைத்துப்போனேன். ஆனால் அலுவலகக் காரியங்கள் பெரும்பாலும் சிங்களத்திலேயே நடக்கும். 1983 ஆடிக் கலவரத்தைக் கண்டவர்கள் எங்கள் வயதில் இருக்கிறார்கள். 2018 மார்ச்சில் திகனைப் பகுதியில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டதை இளையவர்களும் கண்டார்கள். என் நான்கு ஆண்டுகளில் அயல்வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களைத் தங்கள் ஆட்களாகவே நடத்தியது, இரண்டும் உண்மைதான். அந்த அச்சம் வீட்டில் யாருக்காவது இருந்தால், அதை வேடிக்கையாக்காமல் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் அதைச் சொன்னவர் என் மனைவிதான். மீன் கிடைக்காதே என்று சொன்னவரும் அவரே. கண்டிக்கு மீன் வருகிறது, நம்மூர்க் கூலர் லொறியிலேயே வருகிறது. ஆனால் விடியற்காலையில் கரையில் பார்த்த கண்ணும் செவுளும் அங்கே வந்து சேர்வதற்குள் வேறாகிவிடுகின்றன.

கடைசியில் நாங்கள் ஐப்பசி மாதத்தில், வேலை நாட்கள் ஐந்தும் சேர்ந்த ஒரு வாரத்துக்குப் போய்த் தங்கினோம். ஏப்ரல் விடுமுறையில் போய் வாவியைச் சுற்றி நடந்துவிட்டு முடிவெடுப்பது, கல்யாண வீட்டில் பார்த்த முகத்தை வைத்துச் சம்பந்தம் பேசுவது போன்றது. மூன்று நாள் தொடர்ந்து மழை. மகள் காலையில் பஸ்ஸில் போய் வந்தாள். நான் கறிச்சட்டிக்கு மரக்கறி வாங்கிக்கொண்டு ஏறி இறங்கினேன். மனைவி கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவாக மகளின் குடும்பம் வாவியைக் கைவிட்டு, நகரத்தைக் கடக்காமலே பேராதனைக்குப் போகக்கூடிய பிலிமத்தலாவைப் பக்கத்தில், வாசல் வரை வண்டி வரும் ஒரு வீட்டை ஒரு வருடத்துக்கு வாடகைக்கு எடுத்தது. நாங்கள் இருவரும் கச்சான் அடிக்கும் நான்கு மாதங்களை அங்கேயும், மாரியை இங்கேயும் கழிப்பதென்று ஏற்பாடு. திருகோணமலை வீட்டை விற்கவில்லை. கிணற்று மோட்டாரை வாரம் ஒரு முறை போட்டுவிட அயல்வீட்டுத் தம்பியிடம் திறப்பைக் கொடுத்திருக்கிறோம்.

முதல் பயணத்தில் என் மனைவி ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு இரண்டு கிலோ கும்பளா கொண்டுவந்தார். மாத்தளையைத் தாண்டும்போது ஐஸ் உருகி பஸ்ஸின் நடுவால் ஓடத் தொடங்கிவிட்டது. நடத்துனர் கோபத்தோடுதான் வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, கிலோ என்ன விலை என்று கேட்டார்.

நன்றி, வணக்கம்.