கணக்கைக் காட்டிய பிறகு உறவு பேசுவோம்

நடுவர் அவர்களே, மண்டபம் ஊரின் கடற்காற்றில் பறக்கும் பந்தலின் கீழ் பொறுமையாக அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். ‘தொழிலிடத்தில் இணக்கம் நிலைக்கப் பெரிதும் துணைநிற்பது முதலாளியின் நல்ல மனமா, எழுதிவைத்த கணக்கா?’ என்ற தலைப்பில், கணக்கே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், நம் கடற்கரையில் முதலாளி, தொழிலாளி என்ற பேதமே கிடையாது, காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் கேட்ட மாத்திரத்தில் முன்பணம் தருபவர்தான் படகு உரிமையாளர் என்றார். மறுக்கமாட்டேன். விசைப்படகில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கடலுக்குப் போன என் தந்தைக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தபோது, தம் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு ராமநாதபுரத்துக்கு ஓடியவரும் அவருடைய முதலாளிதான். ஆனால், ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அடுப்பு எரிய வாங்கும் முன்பணம், தடை முடிந்ததும் யாருடைய படகில் ஏறுவது என்பதையும் சேர்த்தே முடிவுசெய்துவிடுகிறது. அது தீரும்வரை, கூடுதல் பங்கு தரும் படகு பக்கத்திலேயே நின்றாலும் ஏற முடியாது.

பங்கு பிரிக்கும் இடத்துக்கு வருவோம். ஒரு நடைக்கு மீன் 60,000 ரூபாய்க்கு விலைபோனது என்று வைத்துக்கொள்ளுங்கள். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் என்று 35,000 ரூபாயைக் கழித்துவிட்டு, மீதி 25,000 ரூபாயில்தான் படகுக்கும் ஆட்களுக்கும் பங்கு. விற்ற விலை ஏலத்தில் ஊரறியச் சொல்லப்படுகிறது. கழித்த செலவு முதலாளியின் நோட்டில் மட்டும் இருக்கிறது. என் தந்தை ஏற்றிய ஐஸ் பார்களின் எண்ணிக்கையை நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்புறம் குறித்துவைப்பார். ஒருநாள் அந்தத் தாளுக்கும் முதலாளியின் நோட்டுக்கும் இரண்டு பார் வித்தியாசம் வந்தது. கேட்டார். “என்னப்பா, என்னை நம்பலையா?” என்று வந்தது பதில். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த முதலாளி ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை; எண்ணிப் பார்த்திருந்தால் அவர் சொன்னதே சரியாகவும் இருந்திருக்கலாம். நெஞ்சுவலிக்கு வண்டி எடுத்தவரிடம் மறுபடி எப்படிக் கேட்பது என்ற கூச்சம்தான் வாயை அடைத்தது. அந்தத் தாளோ பல நாள் வீட்டு அலமாரியிலேயே கிடந்தது.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு, வேலை விதிகளை எழுதிவைக்கும் நிலையாணைகளை 300 பேராவது வேலைபார்க்கும் நிறுவனங்களுக்குத்தான் கட்டாயமாக்குகிறது. ஐந்தாறு பேர் ஏறும் படகுக்கு அது எட்டாது. ஆகவே, துறைமுகத்திலேயே இரு தரப்பும் உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. படகு இலங்கையில் பிடிபட்டு ஆட்கள் சிறையில் இருக்கும் நாள்களுக்கு வீட்டுச் செலவு யார் பொறுப்பு என்பது, என் தந்தை ஏறிய எந்தப் படகிலும் எழுத்தில் இருந்ததில்லை.

கேட்டால் உறவு கெடும் என்ற அச்சம் பழையது. பக்கத்துத் தூத்துக்குடியில் 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வ.உ.சிதம்பரனாரின் துணையோடு வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் பெற்றார்கள். பெற்ற பிறகு அதே ஆலைக்குத்தான் வேலைக்குத் திரும்பினார்கள்.

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவருக்குச் சொந்தமாக இரண்டு விசைப்படகுகள் உண்டு என்பது இந்தப் பந்தலுக்கே தெரியும். விசைப்படகுகளுக்கு அரசு விற்பனை வரி விலக்கோடு டீசல் தருகிறது. அவர் பங்கு பிரிக்கும்போது டீசலை அந்த மானிய விலையில் கழிக்கிறாரா, வெளிச்சந்தை விலையில் கழிக்கிறாரா? அதற்கான சீட்டை இந்த மேடையில் காட்டினால், மீதி நேரத்தையும் அவருக்கே விட்டுக்கொடுத்து அமர்ந்துவிடுகிறேன்.