வெள்ளை ஈயும் குளவியும்: தென்னந்தோப்பில் ஓர் எண்ணிக்கைக் கணக்கு

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்ங்க.

2016-ல் பொள்ளாச்சிப் பக்கத் தென்னந்தோப்புகளில் ஒரு புதிய பூச்சி தென்பட்டது. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. ஓலையின் அடிப்பக்கம் சுருள் சுருளாக முட்டை வைத்து, சாற்றை உறிஞ்சும். அது கழிக்கும் இனிப்பு நீர் கீழ் ஓலைகளில் வடிய, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து மரமே கறுத்துப்போகும். பார்க்கிற உழவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். உடனே மருந்து அடிக்கலாம் என்று தோன்றுவதும் இயல்பு. ஆனால் அடிக்க வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இந்த ஈக்கு ஓர் எதிரி உண்டு. என்கார்சியா என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி. ஈயின் இளம்பருவத்துக்குள் அது முட்டை வைக்கும். பொரித்து வரும் புழு உள்ளிருந்தே ஈயைத் தின்று தீர்க்கும். சிக்கல் என்னவென்றால், ஈ பெருகிய பிறகுதான் குளவி பெருக முடியும். இரை இருந்தால்தானே அது குஞ்சு பொரிக்கும்? இந்த இடைவெளியில்தான் நமக்குப் பொறுமை போய்விடுகிறது.

அந்த நேரத்தில் மருந்து அடித்தால் என்ன ஆகும்? ஒரு கடல் கதை சொன்னால் புரியும். முதல் உலகப் போரின்போது ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு குறைந்தது. அப்போது சந்தைக்கு வந்த மீன்களில் சுறா போன்ற வேட்டை மீன்களின் பங்கு கூடியிருந்தது. இதற்கு இத்தாலியக் கணித அறிஞர் வோல்ட்டெரா 1926-ல் விடை சொன்னார். இரையையும் வேட்டையாடியையும் ஒருசேரக் கொன்றுகொண்டே இருந்தால், சராசரியில் இரை கூடும், வேட்டையாடி குறையும். அந்தக் கடலில் நம் வலைதான் அப்படிக் கொன்றது. தோப்பில் மருந்து கொல்லும். குளவிக்கு இரண்டு அடி: மருந்திலும் சாகும், இரை குறைவதாலும் சாகும். தப்பிப் பிழைத்த ஈக்கோ, தன்னைத் தின்ன ஆள் இல்லை.

கோவையில் 2008-ல் வந்த பப்பாளி மாவுப்பூச்சி நினைவிருக்கும். மரவள்ளி, மல்பெரி எல்லாம் பாழானது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது அடங்கியது.

சரி, குளவியை விடுங்கள், வேறொரு பூச்சி போட்டிக்கு வந்து இந்த ஈயை ஒழித்துவிடாதா? பின்னாளில் போண்டார் வெள்ளை ஈ என்ற இன்னொன்றும் அதே ஓலைக்கு வந்தது. ஒரே உணவை நம்பும் இரண்டு இனங்களில் ஒன்று மற்றதை ஒழித்துவிடக்கூடும் என்று 1934-ல் ரஷ்ய உயிரியலாளர் காஸே கண்ணாடிக் குழாயில் பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரிகளை வளர்த்துக் காட்டினார். தோப்பு அத்தனை எளிதல்ல. இரண்டும் ஒரே ஓலையில் இருப்பதைப் பார்க்கலாம். ஒன்று மற்றதை ஒதுக்கினாலும் மரத்துக்கு லாபமில்லை, உறிஞ்சுவது அதே சாறுதான். அதனால் நான் நம்புவது குளவியைத்தான்.

ஆகவே உழவர் பெருமக்களே, ஓலையின் அடியில் உள்ள ஈயின் இளம்பருவங்களை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். வட்டமான சிறு ஓட்டை இருந்தால் குளவி வெளியேறிய தடம் அது. அங்கே மருந்து வேண்டாம். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டலாம், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சலாம். பக்கத்துத் தோப்பில் குளவி இல்லையென்றால், உங்கள் தோப்பில் குளவி தாக்கிய ஈக்கள் உள்ள ஓலைத் துண்டுகளை வெட்டிக் கொடுத்து, அங்கே மரத்தில் கட்டச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.