பைண்டிங் கடைப் பையன்

பெற்றோர்களே, ஆசிரியர்களே, முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

"குழந்தைகளின் படைப்பாற்றலை வளர்ப்பது எப்படி" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தென்னம்பிள்ளை வளர்ப்பது எப்படி என்று கேட்டிருந்தால் குழி எத்தனை அடி, உரம் எவ்வளவு என்று சொல்லியிருப்பேன். இதற்கு அப்படிக் கணக்கு எதுவும் என் கையில் இல்லை. ஒரு கடை முதலாளியைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

லண்டனில் ஜார்ஜ் ரீபோ என்பவர் புத்தகம் பைண்டிங் செய்யும் கடை வைத்திருந்தார். 1805இல் கொல்லர் ஒருவரின் மகன் அவரிடம் தொழில் பழகச் சேர்ந்தான். வயது 14. எழுத, படிக்க, கூட்டிக் கழிக்கத் தெரியும், பள்ளிப்படிப்பு அவ்வளவுதான். பெயர் மைக்கேல் ஃபாரடே. கட்டுவதற்கு வந்த கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையைப் படித்தான். ஜேன் மார்செட் அம்மையாரின் வேதியியல் புத்தகத்தைப் படித்தான். படித்தது உண்மைதானா என்று கைக்காசைப் போட்டுச் சோதித்தும் பார்த்தான்.

தைக்கக் கொடுத்த புத்தகத்தைப் பையன் விரித்து வைத்துப் படித்தால் நம் ஊர் முதலாளி என்ன சொல்வார்? ரீபோ அதைச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் விட்டதுதான் அவர் செய்த பெரிய காரியம். கொல்லுப்பட்டறையில் இருந்த பையனின் அண்ணன் ஒரு ஷில்லிங் கொடுத்து அறிவியல் சொற்பொழிவுக்கு அனுப்பினார். கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் பெயர்பெற்ற வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் உரைகளுக்கு டிக்கெட் கொடுத்தார். கேட்டதையெல்லாம் எழுதி, தன் கையாலேயே பைண்டிங் செய்து, டேவிக்கே அனுப்பினான் பையன். 1813இல் டேவி இருந்த அறிவியல் நிறுவனமான ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. மேட்டூர் அணையில் சுழலும் ஜெனரேட்டருக்கு அடிப்படை, காந்தத்தை அசைத்து மின்சாரம் உண்டாக்கலாம் என்று 1831இல் ஃபாரடே கண்டுபிடித்ததுதான்.

இடையில் ஒன்று. உயர்கணிதம் அவருக்குக் கடைசிவரை வசப்படவில்லை. அவர் கண்டதற்குச் சமன்பாடு எழுத மேக்ஸ்வெல் என்ற இயற்பியலாளர் வர வேண்டியிருந்தது. மகனின் கணக்கு மதிப்பெண்ணை நினைத்துத் தூக்கம் கெட்டவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

1860 கிறிஸ்துமஸ் சமயம். 69 வயது ஃபாரடே சிறுவர்களுக்கு ஆறு உரைகள் நிகழ்த்தத் தொடங்கினார். பொருள், ஒரே ஒரு மெழுகுவர்த்தி. நானும் உங்களைப் போல ஒரு சிறுவனாகவே பேசுகிறேன் என்று உரிமை கேட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தார்.

அதில் ஒரு சோதனை. மெழுகுவர்த்தியை மெல்ல அணைத்ததும் திரியிலிருந்து வெள்ளையாக ஓர் ஆவி எழும்பும். இரண்டு மூன்று அங்குலம் தள்ளி அந்த ஆவியில் தீக்குச்சியைக் காட்டினால், தீ அதன் வழியே இறங்கித் திரியில் பற்றிக்கொள்ளும். எரிவது மெழுகின் ஆவி.

பல வருடங்களுக்கு முன் மின்சாரம் போன ஓர் இரவில் என் மகள் இதைத் தானாகவே கண்டுபிடித்தாள். "அப்பா, நெருப்பு குதிக்கிறது!" என்று கத்தினாள். நான் தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, வீட்டுப்பாடம் முடிந்ததா என்று கேட்டேன். அன்று பகலில்தான் கல்லூரியில் ஃபாரடே விதியை நடத்திவிட்டு வந்திருந்தேன். அவள் அதற்குப் பிறகு மெழுகுவர்த்தியைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

மேடையில் மெழுகுவர்த்தி வைத்திருக்கிறேன். காற்று இருந்தால் ஆவி கலைந்துவிடும்; யாராவது அந்த மின்விசிறியை நிறுத்துங்கள். அணைப்பது நான். முன்வரிசையில் தீக்குச்சி பிடிக்க யார் வருகிறீர்கள்?