ஒற்றையடிப் பாதைக்கு வந்த முதலாளி

நேயர்களுக்கு வணக்கம். கேரள எல்லையை ஒட்டிய கம்பம் ஊரில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவன் நான். கஞ்சாக் கும்பல் பிடிபட்டது என்று செய்தி வந்தால் டீக்கடையில் 'எல்லாம் பேராசை' என்று முடித்துவிடுகிறார்கள். ஆசை தனி ஆளுக்கும் உண்டே, அவன் ஏன் கும்பலில் போய்ச் சேருகிறான்?

அதற்கு முதலில் ரேஷன் அரிசியைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஓர் அக்கா இருந்தார். பதினைந்து கிலோ அரிசியைத் தலையில் வைத்து, ஒற்றையடிப் பாதையில் மலை ஏறி, கேரளப் பக்கம் ஒரு கடையில் போட்டுவிட்டு, மகளுக்குப் பன் வாங்கிக்கொண்டு இறங்குவார். சும்மாட்டுத் துணி எந்நேரமும் தோளில் கிடக்கும், கோயிலுக்குப் போனால்கூட. அவருக்கு முதலாளி என்று யாரும் கிடையாது.

ஒருநாள் பிடித்துவிட்டார்கள். அரிசி போனது, வழக்கும் ஆனது. மேலே கடைக்காரர் தர வேண்டிய பாக்கியைக் கேட்டால், "எந்தப் பாக்கி?" என்றார். அக்கா யாரிடம் போய்ப் புகார் கொடுப்பார்? போலீஸிலா?

அன்று சாயங்காலம் ஒருவர் வந்தார். வக்கீல் செலவைக் கட்டினார். கடைக்காரரிடம் பாக்கியை வாங்கிக் கொடுத்தார். ஒரு மாசச் சாமானும் இறக்கினார். தங்கமான மனுஷன் என்றது தெரு. அடுத்த வாரத்திலிருந்து அக்கா அவருக்கு மட்டும் சுமந்தார், கூலிக்கு. ஆறு மாசத்தில் அந்தப் பாதையில் ஏறிய எல்லோருமே அவர் ஆட்கள்.

கோர்ட்டுக்குப் போக முடியாத வியாபாரம் இது. பாக்கி வசூலிக்க, ஜாமீன் எடுக்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அவரைச் சுற்றித்தான் கும்பல் சேருகிறது. திரும்பவும் சொல்கிறேன், பாக்கியும் ஜாமீனும்.

இப்போது கஞ்சாவுக்கு வருவோம். ஆந்திர – ஒடிசா எல்லையில், பாடேரு, சிந்தப்பள்ளி பக்கத்து மலைகளில் விளைவது, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து எங்கள் ஊர் வழியாகக் கேரளா போகிறது. மூட்டை கட்டுபவர், கொண்டுவருபவர், செக்போஸ்ட் நிலவரம் பார்க்க முன்னால் ஓடும் பைலட் வண்டிக்காரர் என்று எத்தனை கை! ஒருவரை ஒருவர் தெரியாது. நடுவில் ஜவாப்தாரி இல்லாமல் யார் முன்பணம் கொடுப்பார்?

1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, கஞ்சா ஒரு கிலோ வரை சிறு அளவு. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. பத்து வருஷத்துக்குக் குறையாத சிறை, ஜாமீன் குதிரைக்கொம்பு. சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நடப்பதைப் பாருங்கள். தனியாக வந்தவன் பயந்து விலகுகிறான். உள்ளே போன பையன் வீட்டுக்கு அரிசி போடத் திராணி உள்ளவர் நிலைக்கிறார். சரக்கைப் பிரித்துப் பிரித்து அனுப்ப அவருக்கு இன்னும் நாலு பையன்கள் வேண்டும். 2021-ல் ஆந்திரப் போலீஸ் 'ஆபரேஷன் பரிவர்த்தனா' என்று ஆயிரக்கணக்கான ஏக்கர் செடியை அழித்தது. நல்ல காரியம்தான். எங்கள் ஊருக்கு மேலே, கேரளப் பக்கத்து இடுக்கி மலைகளிலும் ஒரு காலத்தில் கஞ்சாச் செடியை வெட்டினார்கள். செடி போனது, பாதையும் ஆட்களும் அப்படியே இருந்தார்கள்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைக் காட்டுகிறார். எம்டிஎம்ஏ என்கிற ரசாயனப் போதைப்பொருள் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அதில் 10 கிராமைத் தாண்டினாலே வணிக அளவு. சட்டைப் பையில் அடங்கிவிடும். மலையும் வேண்டாம், சும்மாடும் வேண்டாம். அப்புறம் அங்கே பாக்கி வசூலிப்பவர் யார் என்பது... சரி, நேரமாகிவிட்டது. வணக்கம்.