“எப்பவுமே இப்படித்தான்”: ஆளுமைக் கோளாறும் உளசிகிச்சையும்

நேயர்களுக்கு வணக்கம்.

மனநோய்கள் பலவற்றுக்கு ஒரு தொடக்கம் இருக்கும். “போன வருஷம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தார், அதுக்கப்புறம்தான் தூக்கம் போச்சு, யாரோடயும் பேசறதில்லை” என்று வீட்டார் சொல்வார்கள். அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரிவதால் அதை நோய் என்று ஒப்புக்கொள்வது எளிது. ஆளுமைக் கோளாறில் இந்த வசதி கிடையாது. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டால், “எப்பவுமே இப்படித்தான்” என்பார்கள். எப்போதும் இப்படித்தான் என்றால் அது குணமாகத்தானே இருக்கும்? குணம் என்று முடிவு கட்டிவிட்டால் அடுத்து வருவது தீர்ப்பு: திமிர் பிடித்தவர், அழுத்தக்காரர், நாடகம் ஆடுகிறவர், நன்றி கெட்டவர். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று பழமொழியும் துணைக்கு வந்துவிடும். ஆளுமைக் கோளாறைப் பொறுத்தவரை அந்தப் பழமொழி பொய் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

குணம் எங்கே முடிகிறது, கோளாறு எங்கே தொடங்குகிறது? சந்தேகம், கோபம், கூச்சம், எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம், பாராட்டுக்கு ஏங்குவது எல்லாம் எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. கணக்குத் தணிக்கை செய்கிறவருக்குச் சந்தேக புத்தி இல்லாவிட்டால்தான் ஆபத்து. பார்க்க வேண்டியது, அந்தக் குணம் இடத்துக்கு ஏற்ப வளைந்து கொடுக்கிறதா என்பதை. அலுவலகத்தில் கறாராக இருப்பவர், வீட்டுச் சுவரில் பேத்தி கிறுக்கியதைப் பார்த்துச் சிரிக்கிறார் என்றால் அது குணம். வீடு, வேலை, நட்பு, திருமணம் என்று எங்கே போனாலும் ஒரே மாதிரிதான் நடக்க வருகிறது, அதனால் உறவுகள் முறிகின்றன, வேலை கைவிட்டுப் போகிறது, அப்படியும் வேறு விதமாக நடக்கத் தெரியவில்லை என்றால் அது கோளாறு. இது பொதுவாகப் பதின்ம வயதிலோ இளம் வயதிலோ தலைகாட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய வரையறைப்படி, 2 ஆண்டுகளாவது நீடித்திருந்தால்தான் இந்தப் பெயரைச் சொல்லலாம். ஒரு சண்டையை வைத்தோ, ஒரு கெட்ட வருஷத்தை வைத்தோ சொல்லக் கூடாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இணையத்தில் இப்போது பிரிந்துபோன காதலர்கள் எல்லோரும் நார்சிசிஸ்ட் (தன்னையே பெரிதாக நினைப்பவர்), கண்டிப்பான மேலாளர்கள் எல்லோரும் சைக்கோ. திட்டுவதற்கு வேறு சொற்கள் தாராளமாக இருக்கின்றன. நோயின் பெயரை ஏன் வீணடிக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

எத்தனை வகை என்று கேட்பீர்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 10 வகை உண்டு. யாரையும் நம்ப முடியாதவர்கள், மனிதர்களே தேவையில்லை என்று விலகியிருப்பவர்கள், அவமானத்துக்கு அஞ்சி ஒதுங்குகிறவர்கள், இன்னொருவர் சொல்லாமல் எந்த முடிவும் எடுக்க முடியாதவர்கள், பிறர் உரிமையை மதிக்கவே மதிக்காதவர்கள் என்று போகும் அந்தப் பட்டியல். நடைமுறையில் ஒருவரே மூன்று பெட்டிக்குள் பொருந்துவார், இன்னொருவர் எதிலும் பொருந்த மாட்டார். அதனால், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 வகைப்பாடு இந்தப் பெட்டிகளை ஏறக்குறைய எடுத்தே விட்டது. பாதிப்பு லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்று பார்த்து, எந்தெந்தக் குணக்கூறுகள் தூக்கலாக இருக்கின்றன என்று சேர்த்துக் குறித்துக்கொள்ளச் சொல்கிறது. எனக்கு இது நல்ல மாற்றமாகவே படுகிறது. சிகிச்சைக்கு வருகிறவர் பெட்டிக்குள் அடைத்துக்கொண்டு வருவதில்லையே.

இந்தக் கோளாறில் இன்னொரு சிக்கல், உள்ளே இருப்பவருக்கு அது கோளாறாகத் தெரியாதது. கை கழுவிக்கொண்டே இருக்கும் மனச்சுழல் நோய் உள்ளவருக்கு, “இது அதிகம், ஆனா விட முடியலை” என்று பெரும்பாலும் தெரியும். எல்லாவற்றிலும் கச்சிதம் கேட்கும் ஆளுமைக் கோளாறு உள்ளவருக்கோ தான் செய்வதுதான் சரி, உலகம்தான் பொறுப்பில்லாமல் திரிகிறது. ஆகவே இவர்கள் “எனக்கு ஆளுமைக் கோளாறு” என்று சொல்லிக்கொண்டு வருவது அபூர்வம். மனச்சோர்வு, தூக்கமின்மை, குடி, விவாகரத்து நோட்டீஸ், வேலை நீக்கம் என்று வேறு வாசல் வழியாகத்தான் வருவார்கள்.

எப்படி வருகிறது இது? பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு. சில குழந்தைகள் பிறவியிலேயே எதையும் பலமாக உணர்கிறவர்கள். வளர்ப்புக்கும் சூழலுக்கும் ஒரு பங்கு. அடி, பாலியல் கொடுமை, கைவிடப்படுவது ஆகியவை பலருடைய இளமையில் இருக்கும். ஆனால் எல்லோருக்கும் இருக்காது, எனவே பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. கொடுமை எதுவும் இல்லாத வீட்டிலும், “இதுக்கெல்லாமா அழுவாங்க”, “உனக்கு ஒண்ணும் வலிக்கலை, சும்மா இரு” என்று குழந்தை உணர்வதை ஓயாமல் மறுத்துக்கொண்டே இருந்தால், தன் உணர்ச்சிக்குப் பெயர் வைக்கவும் அதை ஆற்றிக்கொள்ளவும் அது கற்றுக்கொள்ளாமலே போகலாம். கத்தினால்தான் கவனிப்பார்கள், அல்லது எதையும் காட்டாமல் இருந்தால்தான் தப்பிக்கலாம் என்று ஒரு வழியைக் கண்டுபிடிக்கும். அந்த வயதில் அது சரியான வழியே. மழையில் பிடித்த குடையை மழை விட்டு இருபது வருஷம் ஆன பிறகும், வீட்டுக்குள்ளும், மடக்காமல் பிடித்துக்கொண்டு நடப்பது போன்றதுதான் பிற்பாடு நடப்பது. பக்கத்தில் வருகிறவர்களுக்குக் கம்பி குத்துகிறது. பிடித்திருப்பவருக்குக் குடை விரிந்திருப்பதே தெரியவில்லை.

இதை மாத்திரையால் மடக்க முடிவதில்லை. கூடவே வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருந்து உதவும், சில நேரம் அவசியமும்கூட. ஆளுமைக் கோளாறுக்கென்றே உரிய மருந்து இதுவரை இல்லை. முதன்மையான சிகிச்சை உளசிகிச்சைதான், அதாவது பயிற்சி பெற்ற ஒருவரோடு முறையாகப் பேசிப் பழகி மாறுவது. இந்தக் கோளாறு வெளிப்படுவதே இன்னொரு மனிதரோடு பழகும்போது என்பதால், அது மாற வேண்டிய இடமும் இன்னொரு மனிதரோடு பழகும் இடமே.

அதிகம் ஆராயப்பட்டது பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு. கைவிட்டுவிடுவார்களோ என்ற பெரும் பயம், காலையில் தெய்வமாகத் தெரிந்தவர் மாலையில் துரோகியாகத் தெரிவது, உள்ளே ஓயாத வெறுமை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது. இவர்களோடு எதுவும் செய்ய முடியாது என்று மருத்துவர்களே கைவிரித்திருந்த காலம் உண்டு. அந்த நேரத்தில், அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து உளவியலாளர் மார்ஷா லைனஹன், டி.பி.டி. எனப்படும் இயங்கியல் நடத்தைச் சிகிச்சையை உருவாக்கினார். அதன் முதல் பரிசோதனை முடிவு 1991இல் வெளியானது. தானும் இளம் வயதில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டு மனநல மருத்துவமனையில் நெடுங்காலம் இருந்தவர்தான் என்று 2011இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். உள்ளேயிருந்து பார்த்தவர் செய்த சிகிச்சை என்பது அதன் ஒவ்வொரு பகுதியிலும் தெரியும். வாரம் ஒரு தனி அமர்வு. அதோடு ஒரு குழு வகுப்பு, கிட்டத்தட்டப் பள்ளிக்கூடம் போல. நெருக்கடியை மோசமாக்காமல் கடப்பது, உணர்ச்சியைத் தணிப்பது, சண்டையில்லாமல் கேட்பதைக் கேட்பது என்று பாடம் நடக்கும், வீட்டுப்பாடமும் உண்டு. உளசிகிச்சை தரும் தெரபிஸ்டுகளுக்கே சோர்வு வந்துவிடும் என்பதால், அவர்களும் வாரம் ஒருமுறை கூடி ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அதில் எழுதப்பட்ட விதி.

அமர்வுக்குள் என்ன நடக்கும் என்று பார்ப்போம். ஓர் உதாரணம், கற்பனையானதுதான். ஒரு பெண் வருகிறாள். “வெள்ளிக்கிழமை ராத்திரி அவன்கூட எல்லாத்தையும் முறிச்சுக்கிட்டேன்” என்கிறாள். தெரபிஸ்ட் சரி என்றோ தப்பு என்றோ சொல்வதில்லை. மணிக்கணக்கை விட்டு நிமிஷக்கணக்குக்கு வருகிறார். எத்தனை மணிக்கு? எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்? அதற்கு முன் என்ன? வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினாள். இரண்டு நீலக் குறி வந்தது, பதில் வரவில்லை. அப்போது மனதில் ஓடியது என்ன? “படிச்சுட்டான், ஆனா என்னை மதிக்கலை.” உடம்பில்? நெஞ்சு அடைத்தது, கை நடுங்கியது. அப்புறம்? பதினைந்து செய்திகள், ஒன்றைவிட ஒன்று காரமாக. கடைசியில், “இனி என் முகத்திலேயே முழிக்காதே.” அன்று மதியம் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார். இல்லை. முந்தின இரவு தூங்கினீர்களா? அதுவும் இல்லை. அவள் ‘எல்லாம் திடீர்னு நடந்துச்சு’ என்று நினைத்திருந்த ஒன்று, பத்துப் பன்னிரண்டு கண்ணிகள் உள்ள சங்கிலியாகக் காகிதத்தில் விரிகிறது. இதில் எந்தக் கண்ணியில் வேறு மாதிரி செய்திருக்கலாம்? நீலக் குறிக்கும் முதல் கார செய்திக்கும் நடுவே பத்து நிமிஷம் போனைப் பக்கத்து அறையில் வைத்திருக்க முடியுமா? அடுத்த முறைக்கு அதுதான் பயிற்சி.

இதே ஆள் தெரபிஸ்டிடமும் அப்படித்தான் நடப்பாள் என்பது இந்த வேலையின் கஷ்டமும் வாய்ப்பும். ஒரு நாள் தெரபிஸ்ட் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தால், “உங்களுக்கும் என்னைப் பிடிக்கலை, தெரியும்” என்று எழுந்து நிற்பாள். சாதாரண உறவு இங்கே முறியும். தெரபிஸ்ட் தற்காப்புக்குப் போகாமல், “நான் வர்றதுக்குள்ள உங்க மனசுல என்னவெல்லாம் ஓடுச்சு, சொல்லுங்க” என்கிறார். லண்டனில் ஆந்தனி பேட்மனும் பீட்டர் ஃபோனகியும் வளர்த்த மென்டலைசேஷன் சிகிச்சை, முழுக்க இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது: அடுத்தவர் மனதில் இருப்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்ற பிடியைத் தளர்த்தி, ‘ஒருவேளை வேறு காரணமும் இருக்கலாமோ’ என்று யோசிக்க வைப்பது. சிகிச்சை முடிந்து 5 ஆண்டுகள் கழித்து அவர்கள் பார்த்தபோது, தற்கொலைக்கு முயன்றவர்கள் இந்தச் சிகிச்சை பெற்ற குழுவில் 23 சதவீதம், வழக்கமான சிகிச்சை பெற்ற குழுவில் 74 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனாலும் வித்தியாசம் சிறியதில்லை. ஜெஃப்ரி யங்கின் ஸ்கீமா சிகிச்சை, ஓட்டோ கெர்ன்பெர்க்கின் சிகிச்சைமுறை என்று வேறு சிலவும் உண்டு. எது கிடைக்கிறதோ அதில் நிலைத்திருப்பது, எது சிறந்தது என்ற விவாதத்தைவிட முக்கியம் என்பேன்.

மாறவே மாறாது என்ற பேச்சுக்கு நல்ல பதில், அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் மேரி ஜனாரினி நடத்திய ஆய்வு. பார்டர்லைன் கோளாறோடு உள்நோயாளிகளாகச் சேர்ந்திருந்த 290 பேரைத் தொடர்ந்து பார்த்து வந்தார்கள். 10 ஆண்டுகளுக்குள் 93 சதவீதம் பேருக்கு, 2 ஆண்டுகளாவது நோய்க்குறிகள் தணிந்திருந்தன. ஆனால் நோய்க்குறி தணிவதோடு வேலையும் நெருக்கமான உறவும் நிலைத்தவர்கள் பாதிப் பேர்தான். தன்னைக் காயப்படுத்துவது நிற்கும், வாழ்க்கையைக் கட்டியெழுப்புவது மெதுவாகத்தான் வரும். எல்லா வகைக்கும் இதே நம்பிக்கையை நான் தர முடியாது. பிறர் உரிமையை மதிக்காத சமூக விரோத ஆளுமைக் கோளாறில் உளசிகிச்சைக்கு ஆதாரம் மிகவும் குறைவு. தன்னையே பெரிதாக நினைப்பவர்கள், தங்கள் பிம்பத்தில் கீறல் விழுந்த நாளிலேயே வருகிறார்கள், கீறல் ஆறியதும் நின்றுவிடுகிறார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. “நீ எழுதினது படிச்சேன், பயந்துட்டே போலிருக்கு” என்று உணர்ச்சியை ஒப்புக்கொள்வது வேறு, “நீ திட்டினது சரிதான்” என்று செயலை ஒப்புக்கொள்வது வேறு. முதலாவதைத் தாராளமாகச் செய்யலாம், இரண்டாவது தேவையே இல்லை. எல்லை போட வேண்டியது சண்டை நடக்கும் நள்ளிரவில் இல்லை, எல்லோரும் அமைதியாக இருக்கும் மறுநாள். எதைச் சொன்னாலும், சொன்னதை மாற்றாமல் நிற்க முடிகிற எல்லையாகச் சொல்லுங்கள். அடி, மிரட்டல் என்று போனால் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் சிகிச்சை எதுவும் கிடையாது, உங்கள் பாதுகாப்புதான் முதலில். ‘செத்துப் போறேன்’ என்பதைச் சும்மா பயமுறுத்தல் என்று தள்ளிவிடாதீர்கள். பத்து முறை சொல்லியிருந்தாலும் பதினோராவது முறையும் தனியே விடாமல், உடனே மருத்துவ உதவிக்குப் போங்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் யாருக்காவது ‘இது நான்தானோ’ என்று தோன்றியிருந்தால், ஆளுமைக் கோளாறு என்ற பெயரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. எது வலிக்கிறதோ அதைச் சொன்னால் போதும்: கோபம் அடங்கவில்லை, யாரும் நிலைப்பதில்லை, உள்ளே காலியாக இருக்கிறது. மனநல மருத்துவரிடமோ பயிற்சி பெற்ற சைக்காலஜிஸ்டிடமோ போகலாம். முதல் நாளே கேட்டுவிடுங்கள்: இப்படிப்பட்டவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா, எவ்வளவு காலம் ஆகும், இடையில் நெருக்கடி வந்தால் யாரைக் கூப்பிடுவது? ஒரு வருஷமாவது ஆகும் என்று சொல்கிறவரை நம்பலாம். இரண்டு அமர்வில் சரி செய்கிறேன் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நடுவில் ஒரு நாள், இவரும் சரியில்லை, நிறுத்திவிடலாம் என்று கட்டாயம் தோன்றும். அன்று நிறுத்தாமல், அடுத்த அமர்வுக்குப் போய் அதையே முதல் பேச்சாக வையுங்கள். வணக்கம்.